பாரதியின் ஜாதகத்தைக் கொண்டு பாரதியின் வாழ்வை விளக்க முடியுமா?

கேள்வி: பொருநை வாசகன்

அனைவருக்கும் வணக்கம். மகாகவி பாரதியாரின் வாழ்வை அவருடைய ஜாதகத்தோடு ஒப்பிட்டு ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதி எழுதிய பிறகு எனக்கே ஓர் ஐயம் எழுந்திருப்பதால், ஜோதிடம் அறிந்தவர்களும் பாரதியை ஆழ்ந்து படித்தவர்களும் இங்கே வழிகாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாரதி பிறந்தது சித்திரபானு வருடம் கார்த்திகை மாதம் 27ஆம் நாள், திங்கட்கிழமை, மூல நட்சத்திரம். ஆங்கிலக் கணக்கில் 1882 டிசம்பர் 11. கோள்களின் உண்மையான நிலையைக் கணக்கிடும் திருக்கணித முறைப்படி அன்றைய கிரக நிலையைக் கணித்தேன். விருச்சிகத்தில் சூரியன், செவ்வாய், புதன், சுக்கிரன் என நான்கு கிரகங்கள் கூடியிருக்கின்றன. தனுசில் சந்திரன், அதற்கு நேர் எதிரே மிதுனத்தில் குரு வக்கிரமாக, அதாவது பின்னோக்கிச் செல்வதுபோல், நின்று, தன் சொந்த வீட்டையும் அங்கிருக்கும் சந்திரனையும் ஏழாம் பார்வையாகப் பார்க்கிறார். துலாத்தில் ராகு, மேஷத்தில் கேது. சனி மேஷத்தின் கடைசிப் பாகைகளில், ரிஷபத்தை ஒட்டி நிற்கிறார்.

இதைப் பார்த்தவுடன் மனம் துள்ளியதை மறைக்க மாட்டேன். செவ்வாய் தன் சொந்த வீட்டில் ஆட்சி பெற்றுச் சூரியனோடு சேர்ந்திருப்பது அவருடைய அஞ்சாமைக்கும், புதன் சூரியனோடு கூடியிருப்பது எழுத்தாற்றலுக்கும், சந்திரனுக்குக் கேந்திரமான ஏழாம் இடத்தில் குரு நிற்பதால் உண்டாகும் கஜகேசரி யோகம் அழியாப் புகழுக்கும் காரணம் என்று எழுதினேன். சுக்கிரன் வக்கிரமும் மௌட்யமும் (சூரிய ஒளியில் மறைவு) அடைந்திருப்பதால் அவருக்குப் பொருள் சேரவில்லை, வீட்டில் வறுமை நீங்கவில்லை என்றும் எழுதினேன்.

அடுத்து தசைகளுக்கு, அதாவது வாழ்நாளில் ஒவ்வொரு கிரகமும் முறையே ஆளுவதாகச் சொல்லப்படும் காலப்பகுதிகளுக்கு, வந்தேன். அச்சில் வந்த ஒரு ஜாதகக் குறிப்பில் கண்ட நேரத்தை வைத்துக் கணித்தபோது, பிறப்பில் கேது தசை இருப்பு (மீதியிருந்த காலம்) மூன்று ஆண்டுகள் என்று கிடைத்தது. அதன்படி 1885 இறுதி முதல் 1905 இறுதி வரை சுக்கிர தசை: ஐந்து வயதில் தாயை இழந்தது, எட்டயபுரத்தில் ‘பாரதி’ என்ற பட்டம் பெற்றது, திருமணம், தந்தையின் மறைவு, காசி வாசம், ‘சுதேசமித்திர’னில் சேர்ந்தது எல்லாம் இதற்குள் அடங்குகின்றன. பின்பு 1911 இறுதி வரை சூரிய தசை: 1906இல் ‘இந்தியா’ வார இதழ், அரசின் சினம், 1908இல் புதுச்சேரிக்குப் போனது. அதன் பிறகு சந்திர தசை பத்தாண்டுகள்: ‘பாஞ்சாலி சபத’த்தின் முதல் பாகம் 1912இல் வெளிவந்தது இதில்தான். அந்தத் தசை முடிய மூன்று மாதமே இருக்கும்போது, 1921 செப்டம்பரில், அவர் மறைந்தார்.

இவ்வளவும் பொருந்துகிறது. ஆனால் இதே பாரதிதான் ‘புதிய ஆத்திசூடி’யில் ‘சோதிடந்தனை யிகழ்’ என்று எழுதினார். அந்த அடி கண்ணில் பட்ட நாளிலிருந்து என் பேனா நகரவில்லை. எதை இகழச் சொன்னாரோ அதைக் கொண்டே அவரை விளக்குவது முறைதானா?

மறுமொழி 1: திருக்கணிதப் பிரியன்

ஐயா, நாற்பது ஆண்டுகளாக ஜாதகம் கணித்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ராசிக் கட்டத்தில் பிழை காணவில்லை. சனி ரிஷபத்தை ஒட்டி நிற்பதாக நீங்கள் குறித்ததும் சரியே. அவ்வளவு விளிம்பில் நிற்கும் கிரகம், பழைய சூத்திரங்களால் கணிக்கும் வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் உள்ள வேறுபாட்டாலோ, ராசிகளின் தொடக்கப் புள்ளியைக் குறிக்கும் அயனாம்சத்தில் செய்யும் சிறு மாற்றத்தாலோ ராசியே மாறிவிடக்கூடும். மாறினால் மேஷத்தில் சனி நீசம் (வலுவிழந்த நிலை) என்று சொல்லும் பலன் முழுவதும் போய்விடும்.

என் மறுப்பு தசையைப் பற்றியது. கேதுவின் ஏழு ஆண்டுகள், சந்திரன் மூல நட்சத்திரத்தைக் கடக்கும் ஏறத்தாழ ஒரு நாளின் மீது விரிக்கப்படுகின்றன. ஆகவே பிறந்த நேரம் ஒரு மணி தவறினால், வாழ்நாள் முழுவதற்கும் தசைகளின் தொடக்கம் மூன்றரை மாதம் நகர்கிறது. நீங்கள் கொண்ட நேரத்தை ஆறேழு மணி பின்னால் தள்ளிப் பாருங்கள். கேது இருப்பு ஓராண்டாகச் சுருங்கும். சுக்கிரன் 1903இல் முடிவார். சூரியன் 1909 வரை, சந்திரன் 1919 வரை, அதன் பிறகு செவ்வாய். இப்போது பத்திரிகை வாழ்வு முழுவதும், நாடு நீங்கியது உட்பட, சூரிய தசையில் அமைகிறது. புதுவையின் கவிதைக் காலம் ஏறத்தாழ முழுமையாகச் சந்திர தசையில் விழுகிறது. 1921இல் திருவல்லிக்கேணி யானை தள்ளியதும் மறைவும் செவ்வாய் தசையில் வருகின்றன. உங்கள் கணக்கைவிட இது அழகாகப் பொருந்துகிறதே! இரண்டில் எதை நம்புவீர்கள்?

எங்கள் தொழிலில் நேரத் திருத்தம் என்று ஒன்று உண்டு. நடந்த சம்பவங்களைக் கொண்டு பிறந்த நேரத்தைச் சரிசெய்வோம். உயிரோடிருப்பவருக்கு அதைச் செய்துவிட்டு, வரப்போவதைச் சொல்லி, சொன்னது நடக்கிறதா என்று பார்க்கலாம். மறைந்தவருக்கு அந்தச் சோதனை இல்லை. சம்பவங்களால் நேரத்தைத் திருத்திவிட்டு, அதே சம்பவங்களை அந்த நேரத்தால் விளக்கினால் அது கணிதமாகாது.

‘இகழ்’ என்ற சொல்லைப் பொறுத்தவரை, அவர் அன்று தெருவில் கண்ட போலிக் குறிகாரர்களை எண்ணியே அதை எழுதியிருப்பார் என்பது என் எண்ணம்.

மறுமொழி 2: விண்ணூல் மாணவன்

முதல் மறுமொழியின் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அதன் கடைசி வரியை ஏற்க இயலவில்லை. அதே ‘புதிய ஆத்திசூடி’யில் ‘வானநூற் பயிற்சிகொள்’ என்றும் ஓர் அடி இருக்கிறது. வானத்தைப் பார்க்கச் சொல்லும் அடியும், ஜோதிடத்தை இகழச் சொல்லும் அடியும் ஒரே நூலில், ஒரே கையால் எழுதப்பட்டிருக்கும்போது, இரண்டாவதைப் போலிகளுக்கு மட்டும் என்று சுருக்குவதற்கு அந்த நூலில் இடமில்லை.

பாரதி விண்ணியலை எவ்வளவு ஆவலோடு கவனித்தார் என்பதற்கு ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்ற பாட்டே போதும். 1910இல் ஹாலி வால்மீன் வந்தபோது எழுதியது. தினையின் மீது பனை நின்றதுபோல் என்று சிறிய தலையையும் நீண்ட வாலையும் ஓர் உவமையில் பிடித்துவிடுகிறார். வால் மென்மையான வாயுவால் ஆனது, அது பூமியைத் தீண்டினாலும் ஏழையர்க்கு இடர் செய்யாது, எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது என்று அன்றைய அறிவியல் சொன்னதையெல்லாம் பாட்டுக்குள் கொண்டுவருகிறார். பிறகு, நம் முன்னோரின் நூல்களை மறந்துவிட்டதால் உன் இயல்பை ‘அன்னியர் உரைத்திடக் கேட்டே தெரிந்தனம்’ என்று வருந்துகிறார். அந்த வால்மீனின் வரவால் நாட்டுக்கு நன்மை விளையும் என்று பேசிக்கொண்டதையும் அவர் மறைக்கவில்லை, ‘பொய்யோ, மெய்யோ?’ என்று வால்மீனிடமே கேட்டு முடிக்கிறார். நம்பிவிடவும் இல்லை, எள்ளி நகையாடவும் இல்லை. அந்தக் கேள்விக்குறி எனக்கு மிகவும் பிடித்தது.

இனி, நீங்கள் பொருட்செல்வத்தின் குறையாகப் படித்த அந்த வக்கிர சுக்கிரனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாரதி பிறப்பதற்கு ஐந்து நாள் முன்பு, 1882 டிசம்பர் 6ஆம் தேதி, வெள்ளிக் கோள் சூரிய வட்டத்தின் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்து சென்றது. அடுத்து அது நிகழ்ந்தது 2004 ஜூன் 8ஆம் தேதிதான். 1882இல் அந்நேரம் இந்தியாவில் சூரியன் மறைந்துவிட்டதால் இங்கே எவரும் காணவில்லை. பூமிக்கும் சூரியனுக்கும் நடுவில் வெள்ளி வரும் நாட்களில் அது பின்னோக்கிச் செல்வதுபோல் தோன்றும், சூரிய ஒளியில் மறைந்தும் போகும். பஞ்சாங்கம் வக்கிரம் என்றும் மௌட்யம் என்றும் சொல்வது இதைத்தான். அதே ஆண்டு செப்டம்பரில் பகலிலேயே கண்ணுக்குத் தெரிந்த ஒரு பெரும் வால்மீனும் வந்திருந்தது. இவ்வளவு வளமான வானத்தை ‘வறுமைக்குக் காரணம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வறுமைக்கு நாம் அறிந்த காரணங்கள் இருக்கின்றன: அரசை எதிர்த்து எழுதியது, இதழ்கள் நின்றுபோனது, பத்தாண்டுக் காலம் பிரெஞ்சு எல்லைக்குள் அடைபட்டுக் கிடந்தது, 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கடலூரில் கைதானது. இவற்றில் முதலாவது அவரே தெரிந்து தேர்ந்த வழி. அதைச் சுக்கிரனின் கணக்கில் எழுதினால் அவருடைய துணிவைக் குறைத்துவிடுகிறோம்.

இன்னொரு செய்தி. அதே 1882 டிசம்பர் 11ஆம் நாளில் அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் இயற்பியலாளர் மாக்ஸ் போர்னும், நியூயார்க்கில் பின்னாளில் அந்நகர மேயரான பியோரெல்லோ லா கார்டியாவும் பிறந்தார்கள். விரைந்து நகரும் சந்திரனை விட்டுவிட்டால், மற்ற எட்டும் மூவருக்கும் ஒரே ராசிகளில்தான் இருக்கின்றன. போர்ன் 1933இல் நாஜி ஆட்சியால் பதவியிழந்து நாடு நீங்கினார், சர் சி. வி. ராமனின் அழைப்பில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சில மாதங்கள் பணியாற்றினார். 1954இல் நோபல் பரிசு பெற்று, 87 வயது வரை வாழ்ந்தார். லா கார்டியா 1934 முதல் 1945 வரை மேயராக இருந்து 64 வயதில் மறைந்தார். பாரதிக்கு 39 வயதுகூட நிறையவில்லை. போர்னும் பாரதியும் நாடு நீங்கியதைக் காட்டி ஒருவர் ஜாதகத்தை மெச்சலாம். லா கார்டியாவை அவர் என்ன செய்வார்?

மறுமொழி 3: திருக்கணிதப் பிரியன்

பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசியான லக்னம் வேறு, அதனால் அதிலிருந்து எண்ணும் பன்னிரண்டு பாவங்களும் வேறு என்று விடை சொல்வேன். ஆனால் அப்படிச் சொன்ன மறுகணமே, நேரம் உறுதியாகத் தெரியாத ஜாதகத்தில் பலன் சொல்லக் கூடாது என்று நானே ஒப்புக்கொண்டதாகிறது. ஒப்புக்கொள்கிறேன். யானையைப் பற்றி நான் எழுதியதிலும் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். யானை தள்ளிய காயத்திலிருந்து அவர் தேறிவிட்டார். 1921 ஜூலை 31ஆம் தேதி ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையம் வாசகசாலையில் மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசினார். செப்டம்பரில் உயிரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. இரண்டையும் சேர்த்து ‘செவ்வாய் தசை விபத்து’ என்று எழுதும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. மேலே நானும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

மறுமொழி 4: கார்த்திகைச் செல்வி

நான் ஜோதிடம் படித்தவள் அல்லள். ஆயினும் மூல நட்சத்திரத்தில் பிறந்தவள் என்பதால் பேசுகிறேன்.

‘ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்’ என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தேன். பெண் மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாது என்று சொல்லி, பேசி முடித்த வரன்கள் மூன்று விலகிப்போயின. மூன்றாவது முறை, தட்டு மாற்றும் நாளைக் குறித்த பிறகு, என் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அன்று அப்பா வாசற்படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பொருநை வாசகன் அவர்கள் பாரதியின் ஞானத்துக்கும் புகழுக்கும் மூலத்தைக் காரணமாக எழுதினால், அதே நட்சத்திரம் எங்களுக்கு என்ன செய்தது என்பதையும் எழுத வேண்டும். பெண்ணுக்கு நிமிர்ந்த நடையையும் நேர்கொண்ட பார்வையையும் கேட்டவரின் பெயரில் அந்தப் பழமொழிக்கு மேலும் ஒரு சான்று சேர்ந்துவிடக் கூடாது. என் வேண்டுகோள் இதுதான்.

மறுமொழி 5: பொருநை வாசகன்

அனைவருக்கும் நன்றி. செல்வி அம்மா, மூலத்தைப் பற்றி நான் எழுதியிருந்த பத்தியில் அந்தப் பழமொழியின் முதற்பாதியை மட்டும் மேற்கோளாகக் காட்டியிருந்தேன். இரண்டாம் பாதியை ஏன் விட்டேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். எனக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அந்தப் பத்தியை நீக்கிவிட்டேன்.

கட்டுரையைக் கைவிடவில்லை, ஆனால் அதன் போக்கை மாற்றுகிறேன். கேது இருப்பு மூன்றாண்டு, ஓராண்டு என்ற இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்து, இரண்டுமே எவ்வாறு பொருந்துவதுபோல் தோன்றுகின்றன என்று காட்டப் போகிறேன். மாக்ஸ் போர்னும் லா கார்டியாவும் அதில் இடம்பெறுவார்கள். வெள்ளி சூரியனைக் கடந்த செய்தியில் கட்டுரை தொடங்கி, தூமகேதுப் பாட்டுக்கு வரும்.

‘புதிய கோணங்கி’யையும் சேர்க்க விரும்புகிறேன். விடியற்காலையில் வாசலில் நின்று குடுகுடுப்பை அடித்துக் குறி சொல்பவனின் குரலையே எடுத்துக்கொண்டு, ‘நல்ல காலம் வருகுது’ என்று தொடங்கி, சாதிகள் சேருது, சண்டைகள் தொலையுது என்று ஊருக்கெல்லாம் பொதுவாகப் பலன் சொல்கிறார் பாரதி. அதில் எவருடைய ராசியும் நட்சத்திரமும் கேட்கப்படவில்லை. இந்தப் பாட்டுக்கும் ‘சோதிடந்தனை யிகழ்’ என்ற அடிக்கும் உள்ள உறவை இதற்கு முன் யாரேனும் விரிவாக ஆராய்ந்திருந்தால், தயவுசெய்து இங்கே தெரிவியுங்கள்.