சங்கக் குழுவில் ஜிஎஸ்டி குறிப்புக்கு அடியில் போன் நம்பர்: இது விளம்பரம் இல்லையாம்!

பழைய ஆடிட்டர்:
எங்கள் ஊர் ஆடிட்டர் சங்க வாட்ஸ்அப் குழுவில் ஓர் உறுப்பினர் வாரம் தவறாமல் ஜிஎஸ்டி குறிப்பு போடுகிறார். நல்ல விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் நிறுவனத்தின் பெயர், தடித்த எழுத்தில் மொபைல் நம்பர், "ரீஃபண்ட் சந்தேகங்களுக்கு அழைக்கவும்" என்று ஒரு வரி. போன கூட்டத்தில் கேட்டதற்கு, "தகவலை இலவசமாகத் தருகிறேன், நம்பர் வெறும் அடையாளத்துக்கு, இதில் விளம்பரம் எங்கே வந்தது?" என்றார். பாதிப் பேர் கைதட்டினார்கள். அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

பட்டயக் கணக்காளர்களான எங்களுக்குரிய 1949ஆம் ஆண்டு சி.ஏ. சட்டத்தின் முதல் அட்டவணை, முதல் பகுதி, 6ஆவது கூறு என்ன சொல்கிறது? சுற்றறிக்கை, விளம்பரம், நேர்ப்பேச்சு என்று எந்த வழியிலும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, வேலை தேடிப் போகக்கூடாது. குழுவில் இருக்கும் அத்தனை பேர் போனிலும் அவர் நம்பர் இருக்கிறது. பெயரைத் தொட்டாலே நம்பர் வந்துவிடும். பிறகு அடியில் எதற்கு ஒரு நம்பர்?

திருப்பூர்க்காரன்:
அந்த உறுப்பினர் நான்தான். பெயர் சொல்லாமல் பேசினால் பெரிய மனுஷத்தனம் என்று நினைத்தீர்களாக்கும்.

6ஆவது கூறைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டீர்கள் சார். அதற்குக் கீழேயே விதிவிலக்கு இருக்கிறது. பிராக்டீஸில் இருக்கும், அதாவது சம்பளத்துக்கு இல்லாமல் சொந்தமாகத் தொழில் செய்யும் இன்னொரு சி.ஏ.விடம் வேலை கேட்கலாம், அவரிடமிருந்து வேலை வாங்கலாம். குழுவில் இருப்பவர்கள் ஆடிட்டர்கள். பின்னலாடைக்கு வரி குறைவு, சாயத்துக்கும் ரசாயனத்துக்கும் வரி அதிகம், அதனால் தேங்கும் உள்ளீட்டு வரியை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, ரீஃபண்டாகத் திரும்ப வாங்கித் தருவதுதான் என் வேலையில் முக்கால்வாசி. வேறு ஊர் ஆடிட்டருக்கு அப்படி ஒரு கேஸ் வந்தால் என்னிடம் அனுப்பட்டும் என்று நினைப்பது பாவமா?

பழைய ஆடிட்டர்:
பாருங்கள், முதல் பதிலிலேயே வந்துவிட்டது. கூட்டத்தில் "அடையாளத்துக்கு" என்றார். இங்கே "கேஸ் அனுப்பட்டும்" என்கிறார்.

விதிவிலக்கை நானும் படித்திருக்கிறேன் சார். "பிராக்டீஸில் இருக்கும்" என்கிற சொற்களை நீங்கள்தான் தாண்டிப் போகிறீர்கள். நம் குழுவில் மில்லில் சம்பளத்துக்கு இருக்கும் சி.ஏ.க்கள் எத்தனை பேர்? ஏற்றுமதி நிறுவனங்களின் நிதி மேலாளர்கள் எத்தனை பேர்? ரீஃபண்ட் வேலையை யாரிடம் கொடுப்பது என்று முடிவெடுப்பது அவர்கள்தான். அந்த நம்பர் அவர்கள் கண்ணில் படுவதற்குத்தான் அங்கே இருக்கிறது.

டேலி ராணி:
நான் தனியாக பிராக்டீஸ் செய்பவள், அதனால் சொல்கிறேன். 2008இல் நம் சி.ஏ. இன்ஸ்டிட்யூட் கொண்டுவந்த விளம்பர வழிகாட்டுதலை இங்கே யாருமே எடுக்கவில்லையே? நிறுவனத்தைப் பற்றிய குறிப்பில் போன் நம்பர், முகவரி, மின்னஞ்சல் எல்லாம் போடலாம் என்று அதில் இருக்கிறது. எழுத்தின் அளவு 14க்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான். நம்பர் போட்டாலே குற்றம் என்பது போல் சீனியர்கள் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெரிய நிறுவனங்களுக்குக் கருத்தரங்க மேடை இருக்கிறது, கிளப் தலைவர் பதவி இருக்கிறது, மாமனார் வழியில் மில் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? நான் எழுதுகிற நாலு வரிக் குறிப்புதான்.

பழைய ஆடிட்டர்:
மேடம், அந்த வழிகாட்டுதல், அதே அட்டவணையில் விளம்பரத்தைத் தடுக்கும் 7ஆவது கூறின் விலக்கில் வரும் நிறுவன அறிமுகக் குறிப்புக்கு. உள்ளீட்டு வரிக் குறிப்புக்கு வால் கட்டுவதற்கு அல்ல. இணையதளம் விஷயத்தில்கூட இன்ஸ்டிட்யூட் வெகுகாலம் என்ன சொல்லி வந்தது? தேடி வருகிறவர் பார்த்துக்கொள்ளலாம், நாமாகப் போய்த் திணிக்கக்கூடாது. குழுவில் போடும் மெசேஜ் 7 மணிக்குக் காபி குடிக்கும்போதே போனில் வந்து விழுகிறது. அதைத் தேடி யார் போனார்கள்?

14 அளவு பற்றிச் சொன்னீர்கள். வாட்ஸ்அப்பில் அளவு இல்லை, தடித்த எழுத்துதான் உண்டு. குறிப்பு முழுக்கச் சாதாரண எழுத்து. நம்பர் மட்டும் தடித்த எழுத்து. ஏன்?

திருப்பூர்க்காரன்:
சரி, தடித்த எழுத்தை எடுத்துவிடுகிறேன். திருப்தியா?

பழைய ஆடிட்டர்:
நம்பரை எடுங்கள்.

வரிக்கோடு:
நான் சி.ஏ. இல்லை, ஜிஎஸ்டி ரிட்டர்ன் (வரிக் கணக்கு) தாக்கல் செய்து தரும் பிராக்டீஷனர். உங்கள் சண்டையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. தெருமுனையில் போர்டு வைத்துத்தான் எங்கள் பிழைப்பு நடக்கிறது. எங்கள் போர்டைப் பார்த்து "தொழில் கெட்டுப் போச்சு" என்று பேசுகிறவர்கள், உங்கள் ஆட்கள் செய்தால் மட்டும் அதற்கு "அறிவுப் பகிர்வு" என்று பெயர் வைக்கிறீர்கள்.

டேலி ராணி:
உங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது சார். உங்களோடு எங்களை ஒப்பிட வேண்டாம். ஒரு ரிட்டர்னுக்கு ஐந்நூறு ரூபாய் என்று போர்டு போட்டு எங்கள் கட்டணத்தையும் சேர்த்து இறக்கியது யார்?

வரிக்கோடு:
ஐந்நூறு ரூபாய்க்கு நாங்கள் செய்து தந்ததை ஐயாயிரத்துக்கு பில் போட்டது யார் மேடம்? பெயர் சொல்லட்டுமா?

பழைய ஆடிட்டர்:
கட்டணப் பேச்சு வேண்டாம். இந்தப் பேச்சு எப்போது வந்தாலும் நம்பர் விஷயம் அமுங்கிவிடுகிறது.

நீதிமன்ற வாசல்:
வழக்கறிஞர் என்ற முறையில் ஒரு வார்த்தை. வழக்கறிஞர் விளம்பரத்தைத் தடுக்கும் எங்கள் பார் கவுன்சில் விதி 36 இதைவிடக் கறார். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர்களைப் பட்டியல் போட்டு ஆள் பிடித்துத் தரும் இணையதளங்கள் மீதும், அவற்றின் வழியே விளம்பரம் தேடும் வழக்கறிஞர்கள் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொல்லி இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆனால் 2008க்குப் பிறகு எங்கள் இணையதளத்தில் பெயர், முகவரி, தொலைபேசி எண் போடலாம். ஆகவே எண் என்பதே குற்றமில்லை.

திருப்பூர்க்காரன்:
அப்படிச் சொல்லுங்கள்!

பழைய ஆடிட்டர்:
இணையதளத்தில் போடலாம் என்றுதான் அவர் சொன்னார். குழுவில் போடலாம் என்று சொல்லவில்லை. கைதட்டும் முன் முழுதாகப் படியுங்கள்.

அட்மின் 2:
சங்கக் குழுவை நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். ஒரு யோசனை. வெள்ளிக்கிழமை மட்டும் சொந்த நிறுவன விவரம் போடலாம், மற்ற நாளில் பெயர் மட்டும். இரண்டு முறை மீறினால் ஒரு மாதம் மெசேஜ் போட முடியாது. எல்லோருக்கும் ஒரே விதி. இதில் யாருக்கு என்ன சிக்கல்?

பழைய ஆடிட்டர்:
சட்டம் கூடாது என்பதை வெள்ளிக்கிழமை மட்டும் செய்யலாமா? அட்மினுக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?

திருப்பூர்க்காரன்:
சட்டம் தடுக்காததை வியாழக்கிழமை ஏன் செய்யக்கூடாது? அதற்கும் அதே கேள்விதான். போன கிளைத் தேர்தலில் நான் யாருக்கு வேலை செய்தேன் என்பது அட்மினுக்கும் தெரியும், பழைய ஆடிட்டருக்கும் தெரியும். தேர்தலுக்கு முன்பு இரண்டு வருடம் இதே நம்பர் இதே இடத்தில்தான் இருந்தது. அப்போது யாருக்கும் உறுத்தவில்லை.

அட்மின் 2:
தேர்தலை இழுக்காதீர்கள் சார். நம்பர் விஷயத்தை நான் அன்றைக்கே சங்கச் செயலரிடம் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறேன்.

பழைய ஆடிட்டர்:
தேர்தலில் தோற்ற வருத்தம் எனக்கு இல்லை. முப்பது வருடமாக நான் ஒரு விசிட்டிங் கார்டைக்கூடக் கேட்காதவர் கையில் திணித்ததில்லை. கல்யாணப் பத்திரிகையில் நிறுவனப் பெயரைப் போட்டால் அதை யார் யாருக்கு அனுப்பலாம் என்பதுவரை வரையறுத்த தொழில் இது. கிளையன்ட், உறவினர், நண்பர், அவ்வளவுதான். அந்தக் கட்டுப்பாட்டை நம்பித்தான் ஊரில் ஆடிட்டர் கையெழுத்தை மதிக்கிறார்கள். அதை விட்டுக் கொடுக்க என்னால் முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். மூன்று மாதம் முன்பு இதே நம்பரோடு வந்த குறிப்பில், முந்தைய நிதியாண்டின் உள்ளீட்டு வரியைச் செப்டம்பர் ரிட்டர்னுக்குள் கழித்து எடுக்க வேண்டும் என்று இருந்தது. ஜிஎஸ்டி சட்டத்தின் 16(4) பிரிவில் அந்தக் கடைசி நாள் நவம்பர் 30 என்று 2022இலேயே மாறிவிட்டது. குறிப்பு பழசு, நம்பர் மட்டும் புதுசு. அவசர அவசரமாக எதையோ வெட்டி ஒட்டி நம்பரைப் போட்டு அனுப்பினால் இப்படித்தான் ஆகும்.

திருப்பூர்க்காரன்:
பத்தே நிமிடத்தில் திருத்திப் போட்டேன், அதை ஏன் சொல்லவில்லை? அடியில் நம்பர் இருந்ததால்தான் ஒருவர் உடனே கூப்பிட்டுத் தப்பைச் சொன்னார். நம்பரின் பயனே அதுதான்.

பழைய ஆடிட்டர்:
கூப்பிட்டவன் நான். உங்கள் நம்பர் என் போனில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. அடியில் பார்த்துக் கூப்பிடவில்லை.

டேலி ராணி:
குறிப்பு ஃபார்வர்ட் ஆகி எங்கெங்கோ போகிறது. என் குறிப்பை வேறொருவர் தன் பெயரில் போட்டதை நானே பார்த்திருக்கிறேன், ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து எழுதியது. யார் எழுதியது என்று தெரிய வேண்டாமா?

பழைய ஆடிட்டர்:
தெரிய வேண்டும். பெயரும் உறுப்பினர் எண்ணும் போடுங்கள். உங்கள் உழைப்புக்கு நான் குறுக்கே நிற்கவில்லை மேடம். எழுதியவர் யார் என்பதற்குப் பெயர் போதும். நம்பர் யாருக்காக?

டேலி ராணி:
திருடுகிறவன் பெயரை மாற்றிவிடுகிறான் சார்.

பழைய ஆடிட்டர்:
நம்பரை மட்டும் விட்டுவைப்பானா?

வரிக்கோடு:
ஐயாயிரம் பில்லுக்கு இன்னும் பதில் வரவில்லை.

நீதிமன்ற வாசல்:
உங்கள் இன்ஸ்டிட்யூட்டுக்கே எழுதிக் கேட்டுவிடலாமே?

திருப்பூர்க்காரன்:
தாராளமாகக் கேட்கட்டும். அதுவரை நான் நிறுத்தப் போவதில்லை. குறிப்பு வேண்டாம் என்று குழுவில் ஒருவராவது சொன்னாரா? "நன்றி சார்" என்றுதான் வருகிறது. பழைய ஆடிட்டர் இதுவரை குழுவில் ஒரு குறிப்பாவது எழுதியிருக்கிறாரா?

பழைய ஆடிட்டர்:
எழுதாதவனுக்கும் விதி தெரியும். இன்று காலை வந்த குறிப்பைப் பார்த்தேன். தடித்த எழுத்து போய்விட்டது, சரி. ஆனால் இப்போது இரண்டு நம்பர் இருக்கிறதே?

திருப்பூர்க்காரன்:
இரண்டாவது ஆபீஸ் லேண்ட்லைன் சார்.

பழைய ஆடிட்டர்:
லேண்ட்லைனும் நம்பர்தான். எடுங்கள்.