புதுப்பிப்பு: சம்பங்கிக் கிழங்குகள் என்ன ஆயின?

பூத்து ஓய்ந்த சம்பங்கியைத் தோண்டி வைப்பதா, அப்படியே விடுவதா என்று வைகாசியில் இங்கே கேட்டிருந்தேன். "தோண்டுங்கள், நிழலில் ஆற விடுங்கள்" என்றீர்கள் பலர்.

இலை பழுத்ததும் தோண்டினேன். அவசரத்தில் ஒரு பங்கை ஈர மண்ணோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். பத்தே நாளில் அழுகி நாறிவிட்டது. பையைத் திறந்த அம்மிச்சி, "வெங்காயத்தை இப்படித்தான் கட்டி வைப்பாயா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். மீதியை மண் உதறி, திண்ணையில் சாக்கின் மேல் பரப்பி, அவ்வப்போது புரட்டிவிட்டேன். ஒரு மாதத்தில் மேல்தோல் சருகாகிவிட்டது, உள்ளே கல்போலக் கெட்டி.

ஒருமுறை பூத்த தாய்க்கிழங்கு மறுபடி பூக்காதாம், பக்கக் கிழங்குதான் பூக்குமாம். இது தெரியாமல் பெரியதையெல்லாம் பொறுக்கி வைத்திருந்தேன்! பிறகு மளிகைத் தராசில் நிறுத்து, 25 முதல் 30 கிராம் வரையுள்ள பக்கக் கிழங்குகளை மட்டும் ஆனியில் நட்டேன். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ., ஆழம் இரண்டரை செ.மீ. பொடிசுகள் தனித் தொட்டியில்.

இன்று காலை ஏழு முளை எண்ணினேன். சத்தியமங்கலம் சந்தைக்கு அனுப்ப இது போதாது. அம்மிச்சியின் சாமி படத்துக்குப் போதும்.