நாக்சோஸ் தீவில் சிறு குழந்தைக்கும் முதியவருக்கும் ஏற்ற மணற்கடற்கரை எது?

கயல்விழி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஆகஸ்ட் மாதத்தில் நான்கு வயது மகளையும், முழங்கால் வலியுள்ள மாமியாரையும் அழைத்துக்கொண்டு கிரேக்க நாட்டின் நாக்சோஸ் தீவுக்குச் செல்லலாம் என்று நானும் கணவரும் எண்ணியிருக்கிறோம். அயியோஸ் யோர்கியோஸ், அயியோஸ் புரோகோபியோஸ் ஆகிய இரு கடற்கரைகளில் எதன் அருகே அறை எடுப்பது என்று முடிவு செய்ய இயலவில்லை. படங்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. மாமியார் சைவ உணவு மட்டுமே உண்பவர். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

இளம்பரிதி:

உங்கள் குடும்பத்திற்கு அயியோஸ் யோர்கியோஸ்தான் பொருத்தம் என்பேன். செயின்ட் ஜார்ஜ் என்றும் அழைக்கப்படும் இக்கடற்கரை, தீவின் தலைநகரான ஹோராவை ஒட்டியே தொடங்குவதால், அறையிலிருந்து நடந்தே மணலை அடையலாம். மருந்துக்கடையும் துறைமுகமும் அருகிலேயே உள்ளன. நீர் வெகுதூரம் வரை ஆழமின்றி இருக்கும் என்பதே இதன் முதன்மைச் சிறப்பு. பெரியவர்கள் கரையிலிருந்து நெடுந்தொலைவு நடந்து சென்ற பிறகும் நீர் முழங்காலைத் தாண்டாத இடங்கள் உண்டு. உங்கள் மகள் கரையோரம் அமர்ந்து மணல்வீடு கட்டும்போது நீங்கள் பதற்றமின்றி இருக்கலாம்.

ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வடக்கிலிருந்து வீசும் மெல்தேமி என்னும் வறண்ட காற்றை மறந்துவிடாதீர்கள். வானம் தெளிவாக இருக்கும்போதே அது நாள்கணக்கில் ஓயாமல் வீசும். நகரை ஒட்டிய வடமுனையில் கட்டடங்கள் ஓரளவு மறைப்புத் தருகின்றன. தென்முனையிலோ காற்றுச் சறுக்கு விளையாட்டுக்காரர்கள் கூடும் அளவுக்கு வீச்சு இருக்கும். ஆகவே இடம் தேடும்போது நகரின் பக்கமே பாருங்கள். விடுதிக்காரர் கடலிலிருந்து எத்தனை மீட்டர் என்று சொல்வதைவிட, வழியில் எத்தனை படிகள் என்று கேட்டுக்கொள்வது உங்கள் மாமியாருக்கு உதவும். கோட்டைப் பகுதியான காஸ்த்ரோவின் சந்துகள் அழகானவைதாம், ஆனால் படிக்கட்டுகள் நிறைந்தவை. அங்கே அறை எடுக்க வேண்டாம்.

மலர்விழி:

இளம்பரிதி அவர்கள் கூறியதை மறுக்கவில்லை. எனினும் நீரின் தெளிவையும் கரையின் அழகையும் வைத்துப் பார்த்தால் அயியோஸ் புரோகோபியோஸ்தான் என் தேர்வு. ஹோராவிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இக்கரைக்குக் கோடையில் அடிக்கடி பேருந்து உண்டு. அதே பேருந்து அயியா அன்னா, பிளாகா வரை செல்கிறது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இங்கே மணல் சற்றுப் பருமனானது, ஆழமும் விரைவில் கூடிவிடும். நீந்தத் தெரிந்த பிள்ளைகளுக்கு இது குறையே அல்ல. நான்கு வயதுக் குழந்தை என்றால் கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சாய்நாற்காலிக்குக் கட்டணம் கொடுத்தே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கடற்கரை பொதுச்சொத்து என்று வலியுறுத்தி, 2023இல் அருகிலுள்ள பாரோஸ் தீவு மக்கள் துண்டுகளுடன் போராடியது நாக்சோஸ் வரை பரவியது. அதன்பின் 2024இல் வந்த சட்டம், நாற்காலிகள் நீரிலிருந்து 4 மீட்டர் தள்ளியே இருக்கவேண்டும் என்கிறது. சொந்தக் குடையை மணலில் ஊன்றி அமர்வதற்குத் தயங்க வேண்டாம். காற்று நாளில் மட்டும் அது பறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செந்தில்வேலன்:

உணவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆகஸ்ட் 15 அன்று வரும் மரியன்னையின் பெருவிழாவுக்கு முன், மாதத்தின் முதல் 14 நாள்கள் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் நோன்பு இருப்பது மரபு என்பதால், அந்நாள்களில் ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த காய்கறி உணவுகள் எளிதில் கிடைக்கும். லதேரா என்று கேளுங்கள். ஃபாவா என்பது நம் பருப்பு மசியலைப் போன்றது. வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துத் தருவார்கள், உங்கள் மாமியாருக்குப் பிடிக்கும். கெமிஸ்தா என்னும் அடைத்த தக்காளியில் சிலர் கொத்துக்கறி சேர்ப்பதுண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். நோன்பு உணவு என்றால் சைவம் என்று எண்ணிவிடாதீர்கள். இறாலும் கணவாயும் நோன்பில் அனுமதிக்கப்பட்டவை. நாக்சோஸ் உருளைக்கிழங்கு நாடெங்கும் பெயர்பெற்றது. குழந்தைக்கு வேறெதுவும் பிடிக்காவிட்டால் அதன் வறுவலே போதும்.

கயல்விழி:

மூவருக்கும் மிக்க நன்றி. ஹோராவின் அருகிலேயே அறை தேடுகிறோம். ஏதென்ஸிலிருந்து விமானமா, கப்பலா என்பதே மீதமுள்ள ஐயம்.

இளம்பரிதி:

நாக்சோஸ் விமான நிலையத்தின் ஓடுபாதை 900 மீட்டர் அளவுதான் என்பதால் சிறு விமானங்களே வருகின்றன. ஆகஸ்டில் இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பல் ஐந்து மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அதிவேகப் படகு விரைவானது, ஆனால் மெல்தேமி பலமாக வீசினால் முதலில் நிறுத்தப்படுவது அதுதான். அலையில் குலுக்கலும் கூடுதல். முதியவருடன் செல்வதால் பெரிய கப்பலையே தேர்ந்தெடுங்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே ஏதென்ஸ் வந்து சேரும்படி திட்டமிடுங்கள். தேதியை மாற்ற முடியுமானால் செப்டம்பர் முற்பாதி இன்னும் நல்லது. கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும், ஆகஸ்ட் 15ஆம் தேதி விழாவையொட்டிய கூட்டமும் குறைந்திருக்கும்.