குரங்கணிக்குப் பேருந்தில் போகலாமா: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

10 ஜனவரி 2026, சனிக்கிழமை

தாமரை (சென்னை), மாலை 6:42
அனைவருக்கும் வணக்கம். குடியரசு நாளை ஒட்டி வரும் விடுமுறையில் மகன் அகிலனை அழைத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் காட்டுக்குள் நடக்க வேண்டும் என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். எங்களிடம் கார் இல்லை. வாடகைக்கு எடுக்கவும் மனமில்லை. பேருந்தை விட்டு இறங்கி, இறங்கிய இடத்திலிருந்தே நடக்கத் தொடங்கும்படியான பாதை நம் ஊர்ப் பக்கம் எது என்று சித்தப்பா சொன்னால் அதன்படியே செய்கிறோம்.

மதுரை அத்தை, மாலை 6:51
சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு மலைக்குப் பேருந்தில் போவது சரிப்படுமா தாமரை? மதுரையில் ஒரு கார் பேசிவிட்டால் காலையில் போய் இருட்டுவதற்குள் வந்துவிடலாம். அடிவாரத்தில் வண்டி நிற்கிறது என்றாலே மனத்துக்கு ஒரு தெம்பு.

போடி சித்தப்பா, இரவு 7:10
அக்கா சொல்வது நியாயமான கவலைதான். ஆனாலும் தாமரை கேட்டதற்கு என் பதில் குரங்கணி, நம் தேனி மாவட்டத்து மலையடிவார ஊர். போடி (போடிநாயக்கனூர்) பேருந்து நிலையத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். காரில் வருபவரும் அந்த ஊரில் இறங்கித்தான் நடக்க வேண்டும். போடியைத் தாண்டியதும் மாந்தோப்புகளும் இலவ மரங்களும் வரும். பிறகு கொட்டகுடி ஆறு துணைக்கு வரும். மலை இரண்டு பக்கமும் நெருங்கி வந்து, இனிப் போக வழியில்லை என்று தோன்றும் இடத்தில் பேருந்து நின்றுவிடும். மலைக்காரர்கள் அரிசி மூட்டையையும் மண்ணெண்ணெய்க் கேனையும் கூரையிலிருந்து இறக்கிக் குதிரை முதுகில் ஏற்றிக் கட்டுவதை எத்தனையோ முறை அங்கே நின்று பார்த்திருக்கிறேன். சென்ட்ரல், ஊத்துக்காடு போன்ற மலை ஊர்களுக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் போவதும் குதிரையில்தான்.

பேருந்தில் போவதில் இன்னொரு வசதியும் உண்டு. காரில் போனவர் கார் நிற்கும் இடத்துக்கே திரும்பியாக வேண்டும். பேருந்தில் போனவருக்கு அந்தக் கட்டு இல்லை. என் இளவயதில் குரங்கணியில் ஏறி டாப் ஸ்டேஷனில் கரையேறி, அங்கிருந்து கேரளப் பேருந்தில் மூணாறு போய், போடிமெட்டு வழியாக இறங்கி வீடு வந்து சேர்ந்தோம். போன வழியில் திரும்பாமல் ஒரு மலையையே சுற்றி வந்த அந்த நாளை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அகிலன் (அம்மாவின் கைபேசியிலிருந்து), இரவு 7:18
தாத்தா, மலை உச்சியில் இருக்கும் ஊருக்கு ஏன் ஸ்டேஷன் என்று பெயர்? அங்கே ரயில் போகிறதா?

போடி சித்தப்பா, இரவு 7:31
நல்ல கேள்வி அகிலா. ஒரு காலத்தில் போனது. மூணாறுப் பக்கத்துத் தேயிலையை வெளியே கொண்டுவர வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகம் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டது. 1908இல் அதைக் குறுகிய ரயில் பாதையாக மாற்றினார்கள். அது வந்து முடிந்த இடம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி மலைச்சரிவில் இறங்கிக் கொட்டகுடியில் இருந்த பாட்டம் ஸ்டேஷனுக்கு வந்தன. பிறகு வண்டி கட்டிப் போடிக்கும், அங்கிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் போயின. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. ரயில் போன பிறகும் பெயர் போகவில்லை. நீ நடக்கும்போது தலையை நிமிர்த்திப் பார்த்தால், அந்தப் பெட்டிகள் இறங்கி வந்த மலைச்சரிவு கண்ணெதிரே இருக்கும்.

குமரன் (கோவை), இரவு 7:44
மாமா, தாமரை டாப் ஸ்டேஷன் வரை ஏறத் திட்டமிட வேண்டாம் என்பது என் கருத்து. நினைத்த நேரத்தில் நினைத்த பாதையில் ஏறுவதற்கு இப்போது அனுமதி இல்லை. வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளுடன் அதைத் தொடங்கினார்கள். அதில் குரங்கணி – சாம்பலாறு பாதையும் இருக்கிறது. மலையடிவார ஊர்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்த, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உடன் வருவார்கள். அகிலனுக்கு 18 வயது ஆகாததால் பெற்றோரின் ஒப்புதல் தேவைப்படும். நீங்கள் இருவருமே உடன் போவதால் அதில் சிக்கல் இல்லை.

தாமரை, இரவு 7:50
அத்தான், காட்டில் நடக்க இவ்வளவு கட்டுப்பாடு தேவையா? உள்ளூர் வழிகாட்டி ஒருவரை நாமே பேசிக்கொண்டு போனால் போதாதா?

போடி சித்தப்பா, இரவு 8:06
தேவை அம்மா. 2018 மார்ச் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாலையில் நான் வீட்டு மாடியில் நின்றுகொண்டிருந்தேன். மேற்கே மலைச்சரிவில் புகை எழுந்தது. கோடைக்கு முன் புல் தீப்பிடிப்பது எங்களுக்குப் புதிதல்ல என்பதால் முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருட்டிய பிறகு குரங்கணிச் சாலையில் ஆம்புலன்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகத் தொடங்கியபோதுதான் உள்ளே மனிதர்கள் சிக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வந்த மலையேற்றக் குழுக்களைத் தீ சூழ்ந்துவிட்டது. 23 உயிர்கள் போயின. பெரும்பாலும் உங்கள் வயதுப் பிள்ளைகள். மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை அரசு அந்த ஆண்டே கொண்டுவந்தது.

ஆளுயரம் வளர்ந்து காய்ந்த புல்லில் காற்றோடு தீ ஏறினால், மனிதன் ஓடும் வேகம் அதற்கு ஈடாகாது. அதனால்தான் தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள்; 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தார்கள். நீங்கள் கேட்கும் ஜனவரி நல்ல மாதம். மழை ஓய்ந்து, ஓடையில் தண்ணீர் இருந்து, புல்லில் பச்சை மிச்சமிருக்கும். ஆனால் யார் எந்தப் பாதையில் போயிருக்கிறார்கள் என்று கீழே ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பதிவு செய்யாமல் போவதாக இருந்தால் என் வீட்டுக்கு வாருங்கள், சாப்பிடுங்கள், திரும்பிப் போங்கள். மலைக்கு நான் அனுப்ப மாட்டேன்.

தாமரை, இரவு 8:11
மன்னித்துக்கொள்ளுங்கள் சித்தப்பா. இன்றிரவே இணையதளத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்கிறேன்.

மதுரை அத்தை, இரவு 8:15
இதைப் படித்த பிறகு எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. வழிகாட்டி உடன் வருவார் என்பது ஒன்றே ஆறுதல். காலையில் அவர்கள் சொல்லும் நேரத்துக்குப் பேருந்தில் போய்ச் சேர முடியுமா தம்பி?

போடி சித்தப்பா, இரவு 8:29
சென்னையிலிருந்து வந்து இறங்கிய கையோடு முடியாது அக்கா. வழிகாட்டிகள் காலையிலேயே வரச் சொல்வார்கள். ஆகவே 23ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு சென்னை சென்ட்ரலில் போடி ரயிலில் ஏறட்டும். அகல ரயில் பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்றுபோன ரயில், 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பி வந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் அதற்காகக் காத்திருந்த ஊர் இது. சனிக்கிழமை காலை இறங்கினால் அன்று முழுவதும் நம் வீட்டில் ஓய்வு. ஞாயிறு விடியலில் நானே பேருந்து ஏற்றிவிடுகிறேன். மாலையில் திரும்பி வந்து குளித்துவிட்டு அன்றிரவே சென்னை ரயிலைப் பிடிக்கலாம்.

திரும்பி வருவதைப் பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மலைக்குப் பேருந்தில் போகிறவர் வண்டியின் முதல் நடையைப் பற்றியே விசாரிக்கிறார். கடைசி நடையை நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளாமல் இறங்கிவிடுகிறார். ஒரு முறை மேலே பெய்த மழையில் ஓடை பெருகிவிட, தண்ணீர் வடியும்வரை நானும் நண்பரும் இக்கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். குரங்கணிக்கு மேலே கடைசித் திருப்பத்தில் நாங்கள் நின்றபோது, கீழே பேருந்தின் சிவப்பு விளக்கு தோப்புக்குள் மறைவது தெரிந்தது. அன்றிரவு ஒரு டீக்கடையின் பலகையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தோம். அன்றிலிருந்து நான் கடைசி வண்டியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதற்கு முந்திய வண்டிதான் என் வண்டி. கடைசி வண்டி, ஏதேனும் தவறினால் கைகொடுப்பதற்கு. அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, மேலிருந்து எத்தனை மணிக்கு எழுந்து திரும்பி நடக்க வேண்டும் என்பதை முதல் நாளே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குமரன், இரவு 8:37
மாமா சொல்வதை நானும் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு அமாவாசையில் வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறைக்குப் பேருந்தில் போய்ச் சதுரகிரி ஏறினேன். போகும்போது சிறப்புப் பேருந்துகள் வரிசையாக நின்றன. ஆனால் இறங்கும்போது ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அடிவாரத்தில் கூடிவிட்டதால், மலை இறங்கியதைவிடப் பேருந்தில் ஏறுவதுதான் பெரும்பாடாக இருந்தது. குரங்கணியில் அந்தக் கூட்டம் இராது. வண்டிகளும் குறைவு என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

தாமரை, இரவு 9:20
ஞாயிறு 25ஆம் தேதிக்கு மூன்று இடங்கள் கிடைத்துவிட்டன. பதிவு முடிந்தது. காடு முழுவதும் பிளாஸ்டிக் எடுத்துச் செல்லக் கூடாது என்பதால் எவர்சில்வர் தண்ணீர்ப் புட்டிகள் மூன்று வைத்துக்கொள்கிறேன். சித்தப்பா, அங்கே அட்டைப்பூச்சிகள் இருக்குமா?

போடி சித்தப்பா, இரவு 9:26
ஜனவரியில் குறைந்திருக்கும், ஓடையோரத்து ஈர இலைகளில் ஒன்றிரண்டு இருக்கலாம். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டு, சிறு துணியில் உப்பு முடிந்து கொண்டுபோனால் போதும். பிடித்தால் இழுத்துப் பிய்க்க வேண்டாம். உப்பை வைத்தால் தானே விழுந்துவிடும். அகிலனுக்குப் புதுக் காலணி வாங்கினால் இந்த வாரமே வாங்கிப் பள்ளிக்குப் போட்டுப் பழகச் சொல்.

மதுரை அத்தை, இரவு 9:31
புளிச்சோறு நான் கட்டித் தருகிறேன்; சனிக்கிழமை மதுரையிலிருந்து போடிக்கு வந்துவிடுகிறேன். வாழையிலையை வாட்டிக் கட்டினால் மறுநாள் மதியம் வரை கெடாது.

11 ஜனவரி 2026, ஞாயிற்றுக்கிழமை

போடி சித்தப்பா, காலை 10:12
காலையில் பேருந்து நிலையத்துக்குப் போய் நேரக் காப்பாளரிடம் குரங்கணி நடைகளைக் கேட்டு எழுதி வந்திருக்கிறேன். தாளைப் படம் எடுத்து இதனுடன் அனுப்பியிருக்கிறேன். திரும்பும் வண்டிகளில் கடைசிக்கு முந்தியதைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். 24ஆம் தேதி மாலை மீண்டும் ஒரு முறை போய், நேரம் மாறவில்லை என்று உறுதி செய்துகொள்கிறேன்.

தாமரை, காலை 10:20
படம் தெளிவாக இருக்கிறது சித்தப்பா. அகிலன் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். வட்டத்தையும் சிவப்பிலேயே போட்டிருக்கிறான்.