கோயில் சமையல்கட்டுக் குழு: மேசையில் பழுப்புப் புள்ளி

பாக்கியம்: எல்லோருக்கும் வணக்கம். ஆடி முதல் வெள்ளிக் கூழுக்காக அண்டாக்களை இறக்கிப் பார்த்தேன். அண்டாக்கள் பரவாயில்லை. புது எவர்சில்வர் மேசையைத்தான் பாருங்கள்.

பாக்கியம்: (படம்)

சரோஜா: அடி ஆத்தா, மேசைக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கிறதே!

சேகர்: இன்னும் ஒரு மழைக்காலம்கூட முழுசாகப் போகவில்லை. துருவே பிடிக்காது என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லட்டுமா?

கண்ணன்: அவசரப்படாதீர்கள் அண்ணே. அது துருவா, தண்ணீர்க் கறையா என்று முதலில் தெரிய வேண்டும். கோயில் ஆழ்குழாய்த் தண்ணீரில் இரும்பு இருக்கிறது, வெள்ளை வாளியெல்லாம் பழுப்பாகிவிடுகிறது இல்லையா? பாக்கியம் அக்கா, புள்ளியின்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். குழி தட்டுகிறதா?

பாக்கியம்: நடுவில் உள்ளதெல்லாம் வழவழவென்றுதான் இருக்கிறது தம்பி. தொட்டி ஓரமாக இரண்டு மூன்று இடத்தில் ஊசிமுனை அளவுக்குத் தட்டுகிறது.

கண்ணன்: நடுவில் உள்ளது மேல்கறை. எலுமிச்சைச் சாற்றைத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்தால் போய்விடும். ஓரத்தில் குழி விழுந்திருந்தால் அது குளோரின் வேலையாக இருக்கலாம். அங்கே ப்ளீச் புழங்குகிறீர்களா?

மீனா: பாசி பிடிக்காமல் இருக்க ராத்திரி ப்ளீச் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறார்கள் அண்ணா. மறுநாள் காலையில்தான் கழுவுகிறோம்.

சரோஜா: இந்த ரங்கூன் மழையில் சுவரே பச்சையாகிப் போகிறது. தெளிக்காமல் என்ன செய்வது?

கண்ணன்: சுவருக்கும் தரைக்கும் தாராளமாகத் தெளியுங்கள் அத்தை. மேசையில் பட்டால் உடனே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. துரு பிடிக்காமல் காப்பது அந்தத் தோல்தான். கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டால் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும். ஆனால் ப்ளீச்சும் உப்பும் ஒரே இடத்தில் ராத்திரி முழுக்கத் தேங்கி நின்றால், அது வளர்வதற்குள் உள்ளே துளை போட்டுவிடும்.

ராமு வாத்தியார்: 1913இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரேர்லி என்பவர் துப்பாக்கிக் குழல் தேயாமல் இருக்க உலோகம் தேடப் போய்த்தான் இந்தத் துருப்பிடிக்காத எஃகைக் கண்டார்.

சேகர்: வாத்தியாரே, துப்பாக்கி அப்புறம் இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் மேசைக்கு வழி சொல்லுங்கள்.

சரோஜா: எனக்கு ஒன்று வந்தது, அனுப்புகிறேன்.

சரோஜா: (முன்னனுப்பியது) எவர்சில்வர் புதுசு போல் மின்ன: ஒரு மூடி ப்ளீச், அரை மூடி எலுமிச்சைச் சாறு கலந்து தேய்க்கவும். பத்துப் பேருக்குப் பகிரவும்!

கண்ணன்: அத்தை, அதை யாரும் செய்ய வேண்டாம்! ப்ளீச்சோடு எலுமிச்சையோ வினிகரோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய சமையல்கட்டில் மூச்சு அடைக்கும், நுரையீரலைத் தாக்கும். எலுமிச்சை போடுகிற நாளில் ப்ளீச் பாட்டிலை வெளியே வைத்துவிடுங்கள்.

சரோஜா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சரோஜா: எடுத்துவிட்டேன் தம்பி. யார் யாரோ எழுதிவிடுகிறார்கள்.

பாக்கியம்: பழைய வழக்கப்படி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் என்ன?

கண்ணன்: புளி நல்லது அக்கா, அதுவும் அமிலம்தானே. வெள்ளைப் படிவு கரையும். சாம்பலை குத்துவிளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் பொடிக்கல் மேசையைக் கீறிவிடும், கீறலில் அழுக்கும் தண்ணீரும் தங்கும். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்து, மேசையில் மெல்லிய கோடு ஓடுகிறதே, அந்தக் கோட்டின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

மீனா: எதை வைத்துத் தேய்ப்பது? கம்பி நார்தான் இருக்கிறது.

கண்ணன்: இரும்புக் கம்பி நார் கூடவே கூடாது. அது உதிர்க்கிற துணுக்கு மேசையில் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். பார்க்கிறவர்கள் மேசையே துருப்பிடித்துவிட்டது என்பார்கள். உங்கள் நடுப் புள்ளிகளில் பாதி அப்படி வந்ததாகத்தான் இருக்கும். தேங்காய் நார் போதும்.

சேகர்: குழி விழுந்த இடத்துக்கு?

கண்ணன்: குழியை மூட முடியாது அண்ணே. துருவை எடுத்து, அந்த இடத்தை எப்போதும் காய்ந்தபடி வைத்தால் மேலும் பரவாது. பட்டறையில் வெல்டிங் போட்ட இடத்தைச் சுத்தம் செய்ய ஒரு பசை வைத்திருக்கிறோம். அதில் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் இருக்கின்றன. அதைக் கேட்காதீர்கள், சோறாக்குகிற இடத்துக்குக் கொண்டு வர மாட்டேன்.

சேகர்: கடையில் காந்தம் வைத்துக் காட்டினார்கள். ஒட்டவில்லை. அதனால் நல்ல சரக்கு என்று நம்பினோம்.

கண்ணன்: காந்தத்தை மட்டும் நம்ப முடியாது. எவர்சில்வரில் ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் எண் உண்டு. 304 என்றால் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 201 என்று ஒன்று இருக்கிறது, நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தது. விலை மலிவு, சீக்கிரம் துருப்பிடிக்கும். அதிலும் காந்தம் ஒட்டாது. நல்ல 304 தகட்டையே மடக்கிய மூலையில் பார்த்தால் லேசாக ஒட்டும். அடுத்த தடவை ரசீதில் 304 என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

ராமு வாத்தியார்: 430 என்பதில் நிக்கல் சேர்ப்பதில்லை. காந்தம் நன்றாகவே ஒட்டும். அதற்காக அது போலி ஆகிவிடாது.

கண்ணன்: சரியாகச் சொன்னீர்கள் வாத்தியாரே. நிறைய வீட்டுச் சாமான் அதில்தான் செய்கிறார்கள்.

பாக்கியம்: இன்னொன்று தம்பி. சின்ன அண்டாவின் அடியில் மயில்கழுத்து நிறம் ஏறியிருக்கிறது. போன வருஷம் கூழ் அடிப்பிடித்த கறுப்பும் ஓர் ஓரத்தில் இருக்கிறது.

கண்ணன்: நிறம், சூட்டில் அந்தத் தோல் தடித்ததால் வருவது. கெடுதல் இல்லை, வினிகர் தொட்டுத் துடைத்தால் போகும். அடிப்பிடித்ததற்குத் தண்ணீர் ஊற்றி இரண்டு கரண்டி சோடா போட்டுக் கொதிக்க விடுங்கள். ஆறியதும் மரக் கரண்டியால் தள்ளினால் பெயர்ந்து வரும். அலுமினிய அண்டாவில் சோடா போடாதீர்கள், அது கறுத்துவிடும்.

சரோஜா: அடிப்பிடித்ததும் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சுளுவாக விடும் என்பார்களே?

கண்ணன்: சூடாக இருக்கும்போது ஊற்றினால் அடித்தகடு வளைந்துவிடும் அத்தை. அப்புறம் அடுப்பில் ஆடிக்கொண்டே நிற்கும். கூழுக்கு உப்பையும் தண்ணீர் கொதித்த பிறகு போட்டுக் கலக்குங்கள். குளிர்ந்த தண்ணீரில் போட்டால் கல்லுப்பு கரையாமல் அடியில் படிந்து அங்கேயே புள்ளி விழவைக்கும்.

மீனா: எங்கள் வீட்டில் ஙப்பி மீன் விழுது கரைத்த சட்டியை அம்மா ராத்திரி அப்படியே விட்டுவிடுகிறார். அதுவும் இப்படித்தானா?

கண்ணன்: ஙப்பியில் உப்பு அதிகம்தானே! அன்றைக்கே கழுவச் சொல்.

பாக்கியம்: மீனா, கோயில் குழுவில் ஙப்பிப் பேச்சு வேண்டாம் அம்மா.

மீனா: மன்னியுங்கள் அக்கா 🙏

சேகர்: ப்ளீச் பாட்டிலைப் பின்பக்கக் கழிவறை அலமாரிக்கு மாற்றிவிடுகிறேன். ராத்திரி பூட்டுகிறவர்கள் சோப்புத் தண்ணீரும் வெந்நீரும் போட்டுக் கழுவட்டும்.

கண்ணன்: கழுவினால் மட்டும் போதாது அண்ணே, துடைக்கவும் வேண்டும். நம் தண்ணீர் தானே காய்ந்தால் மறுபடி பழுப்புதான்.

பாக்கியம்: வியாழன் சாயங்காலம் கரண்ட் இருக்கும்போதே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுவோம். சரோஜா அத்தை எலுமிச்சை, மீனா சோடா. வீட்டில் பழைய பருத்திக் கைலி இருந்தால் எல்லோரும் கொண்டு வாருங்கள். பாலியஸ்டர் வேண்டாம், அது தண்ணீரை உறிஞ்சாது.

சரோஜா: எங்கள் வீட்டுக்காரர் கைலியா? அவர் தூங்கியதும் எடுத்து வருகிறேன்.