கொரங்காடு சொட்டையாகிவிட்டது: உழாமல் கொழுக்கட்டைப் புல் விதை தூவலாமா?

கிளுவைவேலி (கேள்வி)

காங்கேயத்துக்குத் தெற்கே எங்களுக்கு 4 ஏக்கர் கொரங்காடு, அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காடு, இருக்கிறது. செம்மண், கீழே சுண்ணாம்புக் கல். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே பதினேழு வெள்வேல மரங்கள். அப்பா இருந்தவரை ஆவணி மழைக்கே கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கும். அவர் போன பிறகு இரண்டு வருடம் ஒருவருக்கு மேய்ச்சலுக்கு விட்டோம். பன்னிரண்டு செம்மறி என்று பேசி எழுபதை ஓட்டியிருக்கிறார். இப்போது மரத்தடிகளிலும் வேலியோரத்திலும் மட்டும் புல் தூர்கள் தெரிகின்றன. நடுக்காடு முழுக்கச் சொட்டை. படலுக்குப் பக்கம் பார்த்தீனியம் வேறு வந்துவிட்டது.

போன ஆனியில் ஒரு கடையில் 5 கிலோ விதை வாங்கி, பாதியைக் கையால் வீசி, மேலே ஓர் உழவும் ஓட்டினோம். ஒன்றுகூட முளைக்கவில்லை. கடைக்காரர் பதரைத் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். இந்த வருடம் முழுக்க உழுது புதிதாக விதைப்பதா, இருக்கும் புல்லுக்கு நடுவிலேயே தூவுவதா?

பச்சைத்தீவனம்

அக்கா, இந்தக் காலத்தில் கொழுக்கட்டையை நம்பி ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? முழுக்க உழுதுவிட்டு கோ 4 கம்பு நேப்பியர் தீவனப்புல் கரணை நடுங்கள். 75 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை.

வெள்ளகோவில் பட்டிக்காரன்

தம்பி சொல்வது கிணற்றுத் தண்ணீர் இருப்பவனுக்கு. கம்பு நேப்பியருக்குப் பத்து நாளுக்கு ஒரு தண்ணீராவது வேண்டும். கொரங்காட்டில் பெய்தால்தான் தண்ணீர். ஆழ்துளைக் கிணறு போட்டு நேப்பியர் நட்டவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். பாதிப்பேர் இப்போது சோளத்தட்டு விலை கேட்டு அலைகிறார்கள்.

அம்மணி, உழாதீர்கள். மிச்சம் நிற்கும் தூர்தான் உங்கள் முதல். அதன் வேர் மூன்று நான்கு கோடையைத் தாண்டி வந்தது. மழை பார்த்தால் அதுவே பக்கத்தில் விரியும், விதையும் உதிர்க்கும். அதைப் பெயர்த்துவிட்டு, முளைக்குமா என்று தெரியாத விதையை நம்புவது என்ன கணக்கு? சொட்டையில் மட்டும் வேலை செய்தால் போதும்.

போன வருடம் முளைக்காததற்கு எனக்குத் தெரிவது மூன்று காரணம். முதலாவது, ஆனி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதத்தில் பஞ்சு மாதிரி சுணை உள்ள விதையை வீசினால், அது உங்கள் காட்டில் விழுந்ததா அடுத்தவர் காட்டில் விழுந்ததா என்று யார் கண்டது? இரண்டாவது, உழவு. இந்த விதை அரை விரற்கடைக்குக் கீழே போனால் மேலே வராது. மூன்றாவதுதான் முக்கியம். கொழுக்கட்டை விதை அறுத்த உடனே முளைக்காது. ஆறு முதல் எட்டு மாதம் தூங்கும். புது விதையைக் கொடுத்திருந்தால் அது பதர் இல்லை, தூங்குமூஞ்சி.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இப்போதே சொட்டை விழுந்த இடங்களில் ஆட்டுப்பட்டி போடுங்கள், அதாவது படல் கட்டி இரவில் ஆட்டை அடையுங்கள். ஓர் இடத்தில் மூன்று இரவு, பிறகு படலை நகர்த்துங்கள். புழுக்கையும் மூத்திரமும் விழும், இறுகிய மேல்மண்ணைக் குளம்பு கொத்திவிடும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள், கையுறை போட்டுக்கொண்டு. புரட்டாசியில் காற்று ஓய்ந்து, முதல் நல்ல மழை நனைத்ததும், சரிவுக்குக் குறுக்காகக் களைக்கொத்தால் அரை விரற்கடை ஆழத்துக்கு மட்டும் கீறுங்கள். ஒரு படி விதைக்கு நான்கு படி ஈர மணல் கலந்து பிசறினால் சுணை ஒட்டிக்கொண்டு பறக்காது. தூவிய பிறகு ஒரு வேல முள் கிளையைக் கயிற்றில் கட்டி இழுத்தால் போதும், அதுதான் மூடுகிற மண்.

அதற்குமேல் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் பரப்பிவிடுங்கள். ஆடு வாய் வைக்காது, வெயில் நேரே படாது, அடுத்த காற்றில் பறந்து வரும் விதையும் அதில் சிக்கும். காய் இல்லாத கிளையாகப் பாருங்கள். நான் ஒரு வருடம் பார்க்காமல் பரப்பினேன். இன்றுவரை அதன் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

அளவு: வெறும் நிலத்துக்கே ஏக்கருக்கு 3 கிலோ போதும். உங்களுக்கு ஏக்கருக்கு ஒன்றரை கிலோ தாண்டாது.

மருந்துப்பெட்டி

கால்நடை உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டிக்காரர் சொன்னதோடு முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனமும் கொஞ்சம் சேருங்கள், புல்லைவிட அதிகப் புரதம் அதில் கிடைக்கும். அதன் விதைத்தோல் கெட்டி. 80 டிகிரி வெந்நீரில் நான்கு நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதையுங்கள். கொதிக்கும் நீரை அப்படியே ஊற்றி அவித்துவிடாதீர்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

விதைப்பதற்கு முன் கொழுக்கட்டையில் நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டிவைத்து, பத்து நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். புது விதைதான் கிடைத்தது என்றால் 1 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் 48 மணி நேரம் ஊறவைப்பது வேளாண் பல்கலைக்கழகத்தில் சொல்லும் வழி.

கிளுவைவேலி

நன்றி ஐயா. ஆட்டை எப்போது திரும்ப உள்ளே விடுவது? மாமியார் இப்போதே பன்னிரண்டு குட்டி பேசி வைத்திருக்கிறார்.

வெள்ளகோவில் பட்டிக்காரன்

பட்டி போட அக்கம்பக்கத்து ஆட்டை இரவல் கேளுங்கள், எருவுக்கு ஆடு விட யாரும் மறுக்கமாட்டார்கள், படிக்காசு கொடுத்தால் சரி. குட்டியைத் தைக்கு மேல் வாங்கச் சொல்லுங்கள். புதுப் புல் ஒருமுறை பூத்து விதை கொட்டும்வரை உள்ளே எதுவும் போகக்கூடாது. செம்மறி இளம் புல்லை வேரோடு பிடுங்கிவிடும். பிறகும் காட்டை இரண்டாகத் தடுத்து மாற்றி மாற்றி விடுங்கள். புல் ஒரு சாணுக்குக் குறைந்தால் படலைச் சாத்துங்கள், மாமியார் கோபித்தாலும்.

கிளுவைவேலி

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். இரண்டு சாக்குத் துண்டில் நூறு நூறு விதை சுருட்டினேன். இந்த மாதம் தெரிந்தவரிடம் வாங்கிய புது விதையில் 9 முளைத்திருக்கிறது. போன வருடம் வீசியதுபோக மீதி மூட்டை மாட்டுக் கட்டுத்தாரைப் பரணிலேயே கிடந்தது, கோபத்தில் எடுத்துக் கொட்டாமல் விட்டிருந்தோம். அதில் 46.

இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கிறது. கடைக்காரரைத் திட்டியதை என்ன செய்வது என்று தெரியவில்லை. நேற்றிரவு முதல் பட்டி போட்டாயிற்று.