கேம்பிரிட்ஜுக்குத் தண்டவாளமா, கூடுதல் பஸ்ஸா?

ஆற்றங்கரை:

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், இந்த வாட்டர்லூ வட்டாரத்தில் இருக்கிறவர்கள், இங்கே படிக்க வரப்போகிறவர்கள் எல்லாரும் கருத்துச் சொல்லுங்கள். ஐயான் என்ற நகர மின்சார ரயில் 2019 ஜூன் 21-ல் ஓட ஆரம்பித்தது. வடக்கே கொனஸ்டோகா மால், தெற்கே ஃபேர்வே, மொத்தம் 19 கிலோமீட்டர். வாட்டர்லூவும் கிச்சனரும் ஒரே பாதையில் வந்துவிட்டன. மூன்றாவது நகரமான கேம்பிரிட்ஜுக்குப் போக ஃபேர்வேயில் இறங்கி 302 பஸ்ஸில் ஏறணும். தண்டவாளத்தை கேம்பிரிட்ஜின் கால்ட் பகுதி வரை நீட்டுவதுதான் இரண்டாம் கட்டம். முதலில் 1.36 பில்லியன் டாலர் ஆகும் என்றார்கள். 2023-ல் மதிப்பீடு 4.5 பில்லியனுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து "பஸ்ஸே போதுமே" என்ற பேச்சு நம் ஆட்களிடமும் அதிகமாகிவிட்டது.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2021 கணக்கெடுப்பில் இந்த வட்டாரத்தில் 5,87,165 பேர். அதில் கேம்பிரிட்ஜில் மட்டும் 1,38,479 பேர். இத்தனை பேரை விட்டுவிட்டு அதை வட்டாரத்தின் ரயில் என்று எப்படிச் சொல்வது? ரயில் வந்தால் என்ன நடக்கும் என்பதை கிச்சனர் நகர்மையத்தில் கண்ணால் பார்க்கலாம். கார் நிறுத்துமிடங்களாகக் கிடந்த மனைகளில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.

மதுரைப்பொண்ணு:

அண்ணா, நான் நேரெதிர்ப் பக்கம். கிச்சனர்ல தங்கி கேம்பிரிட்ஜ்ல ஷிஃப்ட் வேலைக்குப் போறவ நான். கிடங்குகளும் ஆலைகளும் எங்க இருக்கு? மேப்பிள் குரோவ், ஃபவுன்டன் தெரு, பைன்புஷ்னு 401 நெடுஞ்சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கு. இரண்டாம் கட்ட ரயில் பைன்புஷைத் தொட்டுட்டு ஹெஸ்பெலர் ரோடு வழியா கால்ட்டுக்குப் போயிரும். மத்த ஆலைகளுக்குப் போறவங்க நிறுத்தத்துல இறங்கி, ஜனவரிக் குளிர்ல, நடைபாதையே இல்லாத ரோட்டோரத்துல நடக்கணும்.

நேரம் இன்னொரு பிரச்சினை. இந்த ரயில் ராத்திரி முழுக்க ஓட முடியாது. வாட்டர்லூ பார்க்குக்கு வடக்கே அது போறது பழைய சரக்குப் பாதையில. வடக்கே எல்மைராங்கிற ஊர்ல இருக்கிற வேதிப்பொருள் ஆலைகளுக்குச் சரக்கு வண்டி இன்னமும் அதே தண்டவாளத்துலதான் போகுது, பயணிகள் வண்டி நின்ன பிறகு ராத்திரியில. பஸ்ஸுக்கு அந்தத் தடை கிடையாது. ஓட்டுநரும் வண்டியும் இருந்தா ராத்திரி ரெண்டு மணிக்கும் விடலாம். 4.5 பில்லியன்ல எத்தனை வருஷத்துக்கு எத்தனை பஸ் ஓட்டலாம்னு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க.

கால்ட்வாசி:

தங்கச்சி, நீங்கள் சொல்லுறது நியாயம். ஆனா எங்கட பக்கத்தையும் கேளுங்கோ. நான் கால்ட்டில கனகாலமா இருக்கிறன். வீட்டு வரி கட்டுறன். அந்த வரியில ஒரு பங்கு வட்டாரத்துக்குப் போகுது, ரயிலுக்கும் சேர்த்துத்தான். 2011-ல வட்டார மன்றம் முதல் கட்டத்துக்குச் சம்மதிக்கேக்க எங்களுக்குச் சொன்னது என்ன? இப்ப பஸ், பிறகு ரயில். அந்தப் பஸ் 2015-ல வந்தது. இண்டைக்கும் பஸ்தான். வீதியில கார் நெரிசலுக்க அதுவும் சேர்ந்து நிக்குது. ரயிலுக்குத் தனிப் பாதை இருக்கு, 302-க்குக் காரோட காரா நிக்கிற விதி. இதை விரைவுப் பஸ் எண்டு பேர் வைச்சால் விரைவு வந்திடுமோ?

மதுரைப்பொண்ணு:

கோவிச்சுக்காதீங்க அண்ணே. உங்க ஊர் மேயர் டக் கிரெய்க்தானே இந்த ரயிலை அவ்வளவு காலம் எதிர்த்துப் பேசினார்? 2000-லேர்ந்து 2018 வரைக்கும் மேயரா இருந்தவர். ரயிலுக்குப் பதிலா விரைவுப் பஸ் போதும்னு சொன்னதே அவர்தான். கேம்பிரிட்ஜே கேக்காததை இப்ப கேம்பிரிட்ஜுக்கு வாக்குக் குடுத்ததா ஏன் சொல்லணும்?

கால்ட்வாசி:

தன்ர நகரத்துக்கு வராத ரயிலுக்குத் தன்ர சனம் காசு கட்டுறதை ஒரு மேயர் எதிர்க்காமல் என்ன செய்வார்? வட்டாரத் தலைவரா இருந்த கென் சைலிங் ரயிலுக்காக நிண்டார், கிரெய்க் எதிரா நிண்டார், ரெண்டு பேரின்ர பதவியும் 2018-ஓட முடிஞ்சுது. கட்டிமுடிச்ச பிறகு காசைத் திருப்பித் தரேல்லை. இனி எங்களுக்கு மிஞ்சின நியாயம் அந்தப் பாதை எங்களிட்ட வாறதுதான்.

இன்னொண்டும் சொல்லவேணும். கால்ட், பிரெஸ்டன், ஹெஸ்பெலர் எண்டு தனித்தனியா இருந்த ஊருகளைச் சேர்த்து 1973-ல உண்டாக்கினதுதான் கேம்பிரிட்ஜ். அந்த ஊருகளை கிச்சனரோட இணைச்சு மின்சார ரயில் ஓடினது. பயணிகள் சேவை 1955-ல நிண்டுபோச்சு. கிச்சனரில ஓடின ட்ராம் அதுக்கு முதலே, 1946-ல போயிட்டுது. முந்தி இருந்ததைத்தான் நாங்கள் திரும்பக் கேக்கிறம்.

ஆற்றங்கரை:

மதுரைப்பொண்ணு, அந்த 4.5 பில்லியன் கணக்குக்கு வருகிறேன். "அந்தக் காசில் பஸ் ஓட்டலாம்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்தக் காசு யாருடைய கையிலும் இப்போது இல்லை. முதல் கட்டத்துக்கு ஒப்புதல் தந்தபோது மதிப்பீடு 818 மில்லியன். மாகாணம் 300 மில்லியன் வரை, கூட்டாட்சி அரசு 265 மில்லியன் வரை கொடுத்தன. மீதிதான் வட்டாரத்தின் பொறுப்பு. அந்த இரண்டு அரசுகளும் கட்டுமானத்துக்குத்தான் இப்படி அள்ளிக் கொடுக்கும். பஸ் ஓட்டுநருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க அப்படி ஒரு தொகை வராது. பெட்ரோல் வரியில் ஒரு பங்கை மாகாணம் தருகிறது, அவ்வளவுதான். மீதியெல்லாம் பயணச்சீட்டும் வீட்டு வரியும். ரயில் வேண்டாம் என்றால் அந்த மானியம் வேறு ஊர் ரயிலுக்குப் போகும். நமக்கு ஒரு பஸ்கூடக் கூடுதலாக வராது.

ஓட்டுநர் சம்பளக் கணக்கிலும் ரயில் தோற்காது. ஒரு ஐயான் வண்டி 30 மீட்டர் நீளம், சுமார் 200 பேர் ஏறலாம். ஓட்டுவது ஒருவர். அதே கூட்டத்தை பஸ்ஸில் ஏற்ற மூன்று ஓட்டுநர்கள் வேண்டும்.

வண்டியோட்டி:

நான் பஸ் ஓட்டுற ஆள். எந்த ஊர் எண்டு சொல்ல வேண்டாம். 200 பேர் ஏறலாம் எண்டுறது சரி. அத்தனை பேரும் ஒரே நேரத்தில வந்து நிக்கிற இடத்துக்குத்தான் அந்தக் கணக்குப் பொருந்தும். பல்கலைக்கழக நிறுத்தத்தில நிப்பினம். ஹெஸ்பெலர் ரோட்டில பின்னேரம் எட்டு மணிக்கு நிப்பினமோ?

தண்டவாளத்துக்கு ஒதுங்கத் தெரியாது. இடப்பக்கம் திரும்புற கார் ஒண்டு ரயிலில முட்டினால் அந்தப் பகுதி முழுக்க நிண்டுபோம். உறைமழை பெய்து மேல் கம்பியில ஐஸ் பிடிச்சாலும் அதே கதை. அப்ப சனத்தை ஏத்திக்கொண்டு போறது ஆர்? பஸ்தான். கிடங்கில இருந்து பஸ்ஸும் ஓட்டுநரும் மற்ற வழித்தடங்களை விட்டுப்போட்டு ஓடவேணும். அந்த வழித்தடத்தில காத்திருக்கிறவைக்கு ஏன் பஸ் வரேல்லை எண்டே தெரியாது.

ஆற்றங்கரை:

உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் பஸ்ஸும் நிற்கத்தான் செய்கிறது. 2020 ஜனவரியிலும் 2023 மே மாதத்திலும் வேலைநிறுத்தம் நடந்தபோது வழக்கமான பஸ்கள் நின்றன. ரயிலை நடத்துவது வேறு நிறுவனம் என்பதால் ரயில் ஓடியது.

வண்டியோட்டி:

ஓடினது. ஸ்டேஷனுக்கு நடந்து வரக்கூடியவைக்கு அது உதவினது. மற்றவை ஸ்டேஷனுக்கு வாறதே பஸ்ஸில. பஸ் இல்லாட்டி ரயில் ஆருக்கு? நீங்கள் சொன்னது என்ர கட்சிக்குத்தான் சாட்சி.

டூன்_மாணவன்:

ஒரு விஷயம் யாரும் சொல்லல. கொனஸ்டோகா மால்ங்கிற நிறுத்தத்துக்கும் கொனஸ்டோகா காலேஜுக்கும் சம்பந்தமே இல்ல. காலேஜோட டூன் வளாகம் ஊரோட தெற்குக் கோடியில, 401 பக்கத்துல இருக்கு. மால் வடக்குக் கோடி. புதுசா வர்ற பசங்க பேரை மட்டும் பார்த்து ரயில் பக்கத்துல அறை எடுத்துடாதீங்க. ஃபேர்வேல இறங்கி பஸ்தான். இந்த ஊர்ல ஆயிரக்கணக்கான மாணவர்கள் பஸ்ஸை நிரப்பிட்டுப் போன வருஷங்கள்லயும் அந்த வளாகத்துக்குத் தண்டவாளம் வரல. நான் அக்கா பக்கம்.

ஆற்றங்கரை:

நல்ல தகவல். டூன் வளாகத்துக்கு ஃபேர்வேயிலிருந்து தனிப் பாதையில் பஸ் ஓட வேண்டும் என்பதை நானும் ஆதரிக்கிறேன்.

ஆனால் இந்தத் திட்டத்தை வெறும் பயண வசதியாகப் பார்த்தால் பாதிதான் புரியும். இங்கே குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி நிலத்தடி நீர். வாட்டர்லூ மேட்டுநிலத்தின் மணலும் சரளையும் மழையை உறிஞ்சி அடியில் சேர்த்துவைக்கின்றன. அந்த மேட்டின் மேல் வீடும் ரோடும் கார் நிறுத்துமிடமும் பரப்பினால் நீர் இறங்காது. பக்கத்திலேயே மெனோனைட்டு என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயிகளின் நிலம், கனடாவின் நல்ல மண்களில் ஒன்று. அதனால்தான் வட்டாரம் ஊருக்கு வெளியே ஒரு எல்லைக்கோடு போட்டு, அதைத் தாண்டி வீடு பரவக்கூடாது என்று திட்டம் எழுதியது. வெளியே பரவக்கூடாது என்றால் உள்ளே நெருக்கமாகக் கட்ட வேண்டும். நெருக்கமாகக் கட்டுகிறவன் இருபது வருடம் கழித்தும் நகராத ஒன்றைப் பார்த்துத்தான் பணம் போடுவான். பஸ் நிறுத்தத்தை ஒரு தீர்மானத்தில் தூக்கிவிடலாம். தண்டவாளத்தை அப்படித் தூக்க முடியாது. 2019-ல் ரயில் வந்தபோது பஸ் வழித்தடங்களை மாற்றியதையும், கிச்சனரின் சார்ல்ஸ் தெரு பஸ் நிலையத்தை மூடியதையும் எல்லாரும் பார்த்தோமே.

மதுரைப்பொண்ணு:

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அந்த மாற்றத்துல ஒரே பஸ்ல போயிட்டிருந்தவங்க பலபேர் ரெண்டு வண்டி மாற வேண்டியதாச்சு. திட்டம் போடறவங்களுக்கு அது படத்துல ஒரு கோடு. கையில குழந்தையும் கறிகாப் பையும் வெச்சிருக்கிறவளுக்கு அது குளிர்ல இன்னொரு காத்திருப்பு.

மாடி வீடுகள் வந்துச்சுன்னு சந்தோஷமா சொல்றீங்க. அதுல வாடகை என்ன? கார் வாங்க முடியாதவங்கதான் பஸ்ஸை நம்பி இருக்காங்க. அவங்க ரயில் பக்கத்துல வாடகை குடுக்க முடியாம ஊரோரம் போறாங்க. அங்க அரை மணிக்கு ஒரு பஸ், ஞாயிற்றுக்கிழமை அதுவும் லேட்டாத்தான் தொடங்குது. கிச்சனர்ல டிரெய்னர் தெருப் பக்கம் என்ன நடந்துச்சு? ரயிலுக்காக வேலி போட்டாங்க. கண்ணுக்கு நேரா தெரியுற கடைக்கு ஜனங்க சுத்திப் போக வேண்டியதாயிருச்சு. கடந்து போக ஒரு வழி திறக்கறதுக்குள்ள பல வருஷம் போச்சு. அங்க இருக்கிறவங்க வசதியானவங்க இல்ல, அதனாலதான் அவ்வளவு நாள் ஆச்சுன்னு நான் நெனக்கிறேன். கேம்பிரிட்ஜ்லயும் வேலி வரும்போது யார் வீட்டுக்கு எதிர்ல வரும்னு யோசிங்க.

ஆற்றங்கரை:

வாடகைக்குத் தீர்வு அங்கே கட்டாயம் மலிவு வீடுகள் கட்டச் செய்வது. ரயிலைத் தடுத்தால் வாடகை குறையாது. டிரெய்னர் வேலியைப் பற்றி நீங்கள் சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை. கடவை முதல்நாளே இருந்திருக்க வேண்டும்.

வண்டியோட்டி:

சரி, ஒரு கேள்வி. கால்ட் வரை தண்டவாளம் போக கிராண்ட் ஆற்றுக்கும் ஸ்பீட் ஆற்றுக்கும் மேலால பாலம் வேணும். பழைய பிரெஸ்டனுக்குள்ளால போகவேணும். நாளைக்கே ஒப்புதல் வந்தாலும் கட்டிமுடிக்க எத்தினை வருசம்? முதல் கட்டமே 2017-ல ஓடவேண்டியது, வண்டிகள் பிந்தி வந்ததால 2019 ஆச்சு. அதுவரைக்கும் ஹெஸ்பெலர் ரோட்டில 302 நெரிசலுக்க நிக்கட்டுமோ? ஒரு பாதையைப் பஸ்ஸுக்கு மட்டும் எண்டு பிரிச்சு, சிக்னலில முன்னுரிமை குடுத்தால் பயண நேரம் எவ்வளவோ குறையும். இப்பவே செய்யலாம்.

கால்ட்வாசி:

நான் பயப்பிடுறது இதுக்குத்தான். பஸ்ஸுக்குத் தனிப் பாதை போட்ட அடுத்த நாள் "கேம்பிரிட்ஜுக்குத் தேவையானது கிடைச்சிட்டுது" எண்டு கோப்பை மூடுவினம். 2015-ல அப்பிடித்தான் ஒருக்கா நடந்தது. ரெண்டாந்தரம் நான் ஏமாற மாட்டன்.

ஆற்றங்கரை:

ஹெஸ்பெலர் ரோடு அகலமானது, இரண்டு பக்கமும் கடைகளும் கார் நிறுத்துமிடங்களும்தான். இன்று நடுவில் பஸ்ஸுக்காகப் பிரிக்கிற இடத்தை நாளைக்குத் தண்டவாளத்துக்குக் கொடுக்கலாம். இடம் கையில் இருந்தால் திட்டச் செலவும் குறையும். வண்டியோட்டி சொன்னதை நான் ரயிலுக்கு எதிரானதாகப் பார்க்கவில்லை.

கால்ட்வாசி:

அப்ப அதைத் தீர்மானத்தில எழுதச் சொல்லுங்கோ. அந்தப் பாதை ரயிலுக்கான இடம், தற்காலிகமாப் பஸ் ஓடுது எண்டு. வாய்ப்பேச்சு வேண்டாம். ஃபிரெடரிக் தெருவில வட்டார மன்றம் கூடேக்க ஆரும் பேர் குடுத்துப் பேசலாம். அடுத்தமுறை இது விவாதத்துக்கு வரேக்க நான் பேர் குடுக்கிறன். தமிழ் ஆக்கள் இன்னும் ரெண்டு பேர் வந்தால் நல்லது.

மதுரைப்பொண்ணு:

ஷிஃப்ட் இல்லாத நாளா இருந்தா நான் வர்றேன் அண்ணே. ஆனா உங்க தீர்மானத்துக்குக் கை தூக்க வரல. ஆலைப் பகுதிகளுக்கு ராத்திரி ஷிஃப்ட் நேரத்துல பஸ், ஞாயிறு காலைச் சேவை வாரநாள் மாதிரியே, இது ரெண்டும் முடிஞ்ச பிறகுதான் ரயிலுக்கு வட்டாரம் தன் பங்குல ஒரு டாலர் ஒதுக்கணும்னு கேப்பேன். மாகாணக் காசு ஓட்டுநர் சம்பளத்துக்கு வராதுன்னு ஆற்றங்கரை அண்ணா சொன்னாங்க. வட்டாரத்தோட பங்கு நம்ம வரிதானே, அதை எங்க போடணும்னு நாம சொல்லலாம்.